தடிமனுக்கு ஆவி பிடிக்கப் போறீங்களோ, முதல்ல இதை ஒருக்கா வாசியுங்கோ

ரெண்டு கிழமையா வெள்ளவத்தையில எங்கட தொடர்மாடியில எந்த மாடிக்குப் போனாலும் யாரோ ஒராள் இருமிற சத்தம் கேக்குது, மழை தொடங்கின உடன வழமையா வாற தடிமன்தான், நேற்று கீழ பாமசிக்குப் போனால் ஆவி பிடிக்கிற மெசின் இருக்கோ எண்டு கேட்டுக்கொண்டு எனக்கு முன்னால மூண்டு பேர் நிக்கினம். கடைக்காரத் தம்பி பெட்டியை எடுத்துக் குடுக்கிறார், காசை வாங்குறார், அவ்வளவுதான். அதை எப்பிடிப் பாவிக்கிறது எண்டு அவரும் சொல்லேல்ல இவையும் கேக்கேல்ல. வீட்டுக்கு வந்தும் மனம் கேக்காமல்தான் இதை எழுதுறன்.

ஏன் எனக்கு இவ்வளவு அக்கறை எண்டால், நாலு வருசத்துக்கு முந்தி இதே மாதிரி ஒரு மழைநாள், என்ட தங்கச்சி கட்டில்ல இருந்து முன்னால ஒரு பேசின்ல சுடுதண்ணி வச்சு பெட்ஷீட்டால மூடிக்கொண்டு ஆவி பிடிச்சுக்கொண்டிருந்தவ, ரெண்டரை வயசு மகன் அம்மா ஒளிச்சு விளையாடுறா எண்டு நினைச்சு பெட்ஷீட்டைப் பிடிச்சு இழுத்திட்டான். மெத்தை தளம்ப பேசின் சரிஞ்சு தண்ணி முழுக்க அவன்ட தொடையில. அடுப்பால இறக்கி அஞ்சு நிமிசமாவது ஆகியிருக்கும் எண்டு அவ இண்டைக்கும் சொல்லுவா, ஆனாலும் தோல் கழண்டு வந்தது. பதினொரு நாள் ஆஸ்பத்திரி. இப்ப ஓடித் திரியிறான், அடையாளம் மட்டும் போகேல்ல.

60 பாகை சூட்டில இருக்கிற தண்ணி பெரிய ஆளின்ட தோலையே ஒரு அஞ்சு செக்கனுக்குள்ள ஆழமா எரிச்சுப்போடும், 70 பாகை எண்டால் ஒரு செக்கன் போதும். சின்னப்பிள்ளையளின்ட தோல் மெல்லிசு, அவைக்கு இன்னும் கெதியா நடக்கும். கொதிச்ச தண்ணி 100 பாகை, பேசின்ல ஊத்தி அஞ்சு பத்து நிமிசம் விட்டாலும் அது இன்னும் ஆளை எரிக்கிற சூட்டிலதான் இருக்கும். ஆவி அடங்கிட்டுது, இனிப் பிரச்சினை இல்லை எண்டு தயவு செய்து நினையாதேங்கோ.

இதோட இன்னொண்டையும் சொல்லோணும், கனபேருக்கு இது பிடிக்காது. ஆவி பிடிச்சால் தடிமன் மாறாது. மூக்குக்குள்ள இருக்கிற வைரசு அதால சாகிறதும் இல்லை, கொரோனா நேரம் நாங்கள் எல்லாரும் நாளுக்கு நாலு தரம் பிடிச்சம் தானே, அந்த வைரசையும் அது கொல்லேல்ல. தடிமனுக்கு சூடான ஈரக்காத்து பிடிக்கிறதைப் பற்றி நடந்த ஆய்வுகளை ஒண்டாச் சேத்துப் பாத்த மருத்துவ மீளாய்வுகளும் நிச்சயமான பலன் எண்டு ஒண்டையும் காட்டேல்ல. ஆனா சளி கொஞ்சம் இளகும், மூக்கு திறந்த மாதிரி இருக்கும், படுக்கப் போறதுக்கு முன்னால ஒரு அரைமணித்தியாலம் சுகமா இருக்கும், அது உண்மை, நானும் அதுக்காகத்தான் பிடிக்கிறன். அந்த அரைமணித்தியால சுகத்துக்கு எவ்வளவு ஆபத்தை வீட்டுக்குள்ள கொண்டு வரலாம் எண்டுதான் நாங்கள் யோசிக்கோணும்.

பேசின்ல பிடிக்கிற ஆக்களுக்கு

மடியிலயும் கட்டில்லயும் வைக்காதேங்கோ. நிலத்தில வச்சுக் குனிஞ்சு பிடிக்கிறதும் வேணாம், பிள்ளையளும் பூனையும் ஓடித்திரியிற இடம் அது. நான் இப்ப செய்யிறது என்னெண்டால், குசினி சிங்குக்குள்ளயே பாத்திரத்தை வச்சிட்டு நிண்டுகொண்டு பிடிக்கிறன், சரிஞ்சாலும் தண்ணி சிங்கால இறங்கிப் போயிடும். நிக்க ஏலாத ஆக்கள், வயசானவை எண்டால், ஆடாத மேசை, அதுக்கு மேல ஒரு ஈரத் துவாயை விரிச்சு அதுக்கு மேல பாத்திரம், அப்பதான் வழுக்காது. பாத்திரமும் அடி அகலமா, பாரமா இருக்கிற ஒண்டா எடுங்கோ, பிளாஸ்டிக் பேசின் சூட்டில இளகி வளையும். அரைவாசிக்கு மேல நிரப்ப வேணாம்.

கொதிக்கிற தண்ணிப் பானையைத் தூக்கிக்கொண்டு குசினியில இருந்து அறை வரைக்கும் நடக்கிறதுதான் எங்கட சின்ன பிளாட்டுகளில நடக்கிற பெரிய பிழை, இடையில கதவு இருக்கும், கால்துடைக்கிற பாய் இருக்கும், ஒரு பிள்ளை குறுக்கால ஓடி வரும். பாத்திரத்தை முதல் வச்சிட்டு கேத்தலால ஊத்துங்கோ, இல்லாட்டி குசினியிலயே பிடிச்சு முடியுங்கோ. ஊத்தி ஒரு நாலஞ்சு நிமிசம் விட்டிட்டு முகத்தைக் கொண்டு போங்கோ, தண்ணிக்கும் மூக்குக்கும் இடையில ஒரு அடி இருக்கட்டும், கண்ணை மூடிக்கொள்ளுங்கோ. முகத்தில சுட்டால் அது சூடு கூட எண்டதுதான், பொறுத்துக்கொண்டு இருக்கிறதால சளி கூடக் கழண்டு வராது. அஞ்சு நிமிசம், கூடினால் பத்து. நாளுக்கு ரெண்டு தரம் கனக்கக் காணும். துவாயால தலையை மூடலாம், ஆனா நிலத்தில இழுபடுற பெட்ஷீட் வேணாம், அதைத்தான் பிள்ளையள் பிடிச்சு இழுக்கிறது. வீட்டில தவழுற, நடக்கிற வயசில பிள்ளை இருந்தால் அது நித்திரையாப் போன பிறகு பிடியுங்கோ, அல்லது வேற ஒராள் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போகட்டும், அதுவும் இல்லாட்டி அண்டைக்குப் பிடிக்காமல் விடுங்கோ. முடிஞ்ச உடன தண்ணியை ஊத்திப்போடுங்கோ, ஆறட்டும் எண்டு வச்சிட்டுப் போற தண்ணியும் ஆபத்துத்தான்.

மெசின்

பாமசியில விக்கிற வெள்ளையும் நீலமுமான சின்ன பிளாஸ்டிக் மெசின்களில ரெண்டு விதம் இருக்கு. ஒண்டில சூடாகிற தகடோ கொயிலோ தண்ணியை கேத்தல் மாதிரிக் கொதிக்க வைக்கும். மற்றதில ரெண்டு கம்பி தண்ணிக்குள்ள நேராத் தாண்டு நிக்கும், கரண்ட் தண்ணிக்குள்ளாலயே பாய்ஞ்சு அந்தத் தண்ணியைச் சூடாக்கும். ரெண்டாவது விதத்தில தண்ணியிலயே கரண்ட் இருக்குது எண்டதை விளங்கிக்கொள்ளுங்கோ, பிளக்கைக் கழட்டாமல் மூடியைத் திறந்தோ, விரலை விட்டுப் பாத்தோ, தண்ணி ஊத்தியோ போடாதேங்கோ. சுவிச்சை ஓஃப் பண்ணினது காணாது, பிளக்கைக் கழட்டி கையில பிடிச்சுக்கொண்டு பிறகு மூடியைத் தொடுங்கோ. எந்த விதம் எண்டு தெரியாட்டி கரண்ட் இருக்கிற விதம் எண்டே வச்சு நடவுங்கோ.

இந்தக் கம்பி மெசினைப் பற்றி ஒரு விசயம். கொழும்பில குழாய்த்தண்ணி பெரும்பாலும் அம்பத்தலையில களனி கங்கையில இருந்து எடுத்து சுத்திகரிச்சு வாற மென்தண்ணி, உப்பு குறைவு, அதால கரண்ட் குறைவாத்தான் பாயும், ஆவி மெல்ல மெல்லத்தான் வரும். அதுக்குத்தான் சில பெட்டிகளில ஒரு சிட்டிகை உப்புப் போடச் சொல்லி இருக்கும். அதே மெசினை விடுமுறைக்கு யாழ்ப்பாணம் கொண்டு போனால், எங்கட ஊர்க் கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக்கல்லுத் தண்ணி தானே, உப்பே போடாமல் பொங்கி எழும்பும். என்ட மாமி இங்க பழகின மாதிரி அங்கயும் உப்புப் போட்டவ, சுடுதண்ணி துப்பித் துப்பி வந்தது, நல்லகாலம் முகம் தள்ளி இருந்தது. அதால எந்த ஊரெண்டாலும் முதல் உப்பில்லாமல் போட்டுப் பாருங்கோ, பத்து நிமிசத்திலயும் ஆவி வராட்டி மட்டும், பெட்டியில உப்புப் போடலாம் எண்டு எழுதியிருந்தால் மட்டும், பிளக்கைக் கழட்டிப்போட்டு ரெண்டு மூண்டு கல்லு. கரண்டிக் கணக்கில போடாதேங்கோ.

தண்ணி உள்ளுக்க இருக்கிற கோடு வரைக்கும்தான். கோட்டுக்கு மேல போனால் ஆவியோட கொதிதண்ணித் துளியும் சேந்து அடிக்கும், அந்த முகமூடி மாதிரி மூடியைப் போட்டுக்கொண்டு கிட்டக் குனிஞ்சிருந்தால் நேரா மூக்கிலயும் சொண்டிலயும்தான் படும். மெசினை மேசையில நல்லாத் தள்ளி வையுங்கோ, வயர் மேசைக்குக் கீழ தொங்கக் கூடாது, பிள்ளை பிடிச்சு இழுக்கிறது முதல்ல அந்த வயரைத்தான். படுத்துக்கொண்டு, அரை நித்திரையில, மெசினைப் பக்கத்தில வச்சிட்டுப் பிடிக்கிற வேலை வேணவே வேணாம்.

பிளக்கையும் பாருங்கோ. இந்தியாவில இருந்து வாறது கனக்க வட்டப் பின், எங்கட வீடுகளில இப்ப 13 அம்பியர் சதுரப் பின் சொக்கட். ரெண்டு பின் பிளக்கைப் போடுறதுக்கு மேல் ஓட்டைக்குள்ள பேனையை விட்டு அமத்திப்போட்டு ஏத்துற பழக்கம் எங்கட ஆக்களிட்ட இருக்குதே, தண்ணியோட வேலை செய்யிற சாமானுக்கு அதை ஒருநாளும் செய்யாதேங்கோ, பிளக் இறுக்கமா நிக்காது, சூடாகி உருகும். நல்ல அடப்டர் ஒண்டு வாங்குங்கோ. மல்டி பிளக்கில ஃபிரிட்ஜோடயும் ரைஸ் குக்கரோடயும் சேத்து ஏத்த வேணாம். குளிக்கிற அறைக்குள்ளயும் வேணாம். வீட்டு ட்ரிப் சுவிச்சில டெஸ்ட் எண்டு ஒரு பொத்தான் இருக்கும், மாசத்துக்கு ஒருக்கா அமத்திப் பாருங்கோ, விழாட்டி அது உங்களைக் காப்பாத்தாது, எலக்ரீசியனைக் கூப்பிடுங்கோ.

கனடாவில இருந்து சித்தி ஆசையா வாங்கிக்கொண்டு வந்து தந்தவ எண்டால் போடுறதுக்கு முன்னால மெசினைக் கவிட்டு அடியில பாருங்கோ. 120 வோல்ட் எண்டு மட்டும் எழுதியிருந்தால் இங்க போட ஏலாது, எங்கட கரண்ட் 230. வோல்ட் ரெண்டு மடங்காகுது எண்டால் சூடு கிட்டத்தட்ட நாலு மடங்கு, ஒண்டில் உடன எரியும் இல்லாட்டி தண்ணி வெடிச்ச மாதிரி மேல வரும். பிளக்கை மாத்திற அடப்டர் வோல்டைக் குறைக்காது. சித்தி கவலைப்பட்டாலும் பரவாயில்லை, பெட்டியோட அலுமாரியில வையுங்கோ.

உள்ளுக்கு என்ன போடலாம்

மெசினுக்குள்ள தண்ணி மட்டும். சித்தாலேப, விக்ஸ் மாதிரி பாம் வகையை மெசினுக்குள்ள போட்டால் எண்ணெய் படிஞ்சு வாயை அடைக்கும், அடைபட்ட மெசின் துப்பும். அடுப்பில கொதிக்கிற தண்ணிக்குள்ளயோ மைக்ரோவேவிலயோ பாமைப் போடுறது இன்னும் மோசம், தெறிச்சு கண்ணுக்குள்ள போயிருக்குது. பாம் பூசோணும் எண்டால் நெஞ்சில பூசுங்கோ, மூக்குத் துவாரத்துக்குள்ள பூசாதேங்கோ, ரெண்டு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையளுக்குப் பூசவே வேணாம். அதில இருக்கிற கற்பூரம் கொஞ்சம் வயித்துக்குள்ள போனாலே சின்னப்பிள்ளையளுக்கு வலிப்பு வரும், டப்பாவைக் கட்டில் தலைமாட்டில வைக்கிற பழக்கத்தை விடுங்கோ. பூசைக் கற்பூரத்தை ஆவித் தண்ணிக்குள்ள போடுறதும் கூடாது.

நொச்சி இலை, வேப்பிலை, துளசி எண்டு அம்மம்மா காலத்தில இருந்து போடுறது, பேசின் தண்ணிக்குள்ள ஒரு பிடி போடுங்கோ, எனக்கும் அந்த வாசம் இல்லாமல் ஆவி பிடிச்ச மாதிரியே இருக்காது. மெசினுக்குள்ள இலை வேணாம். மெந்தோல் யூகலிப்டஸ் வாசம் மூக்கைத் திறக்கிற மாதிரி இருக்கிறது மூக்கு நரம்புக்கு குளிர்ந்த மாதிரி உணர்வு வாறதாலதான், உள்ள வீக்கம் அப்பிடியேதான் இருக்கும். அதால வேலை செய்யேல்ல எண்டு இன்னும் ரெண்டு துளி, இன்னும் ரெண்டு துளி எண்டு கூட்டாதேங்கோ. முட்டு வருத்தம் இருக்கிற ஆக்களுக்கு சூட்டு ஆவியும் இந்த வாசங்களும் இழுப்பைக் கூட்டலாம், அவை தங்கட இன்ஹேலரை டொக்டர் சொன்ன மாதிரிப் பாவிக்கிறதுதான் சரி.

நெபுலைசர் எண்டது வேற சாமான், ரெண்டையும் குழப்புற ஆக்கள் கனபேர் இருக்கினம். அது டொக்டர் எழுதித் தாற மருந்தைத் துகளாக்கி நுரையீரலுக்குள்ள அனுப்புற மெசின், அதுக்குள்ள குழாய்த்தண்ணியோ யூகலிப்டஸ் எண்ணெயோ ஊத்தக் கூடாது.

பாவிச்சு முடிய பிளக்கைக் கழட்டி, ஆறவிட்டு, மிச்சத் தண்ணியை ஊத்தி, திறந்தபடி காய வையுங்கோ. கிழமைக்கு ஒருக்கா பாதி வினாகிரி பாதி தண்ணி ஊத்தி அரைமணித்தியாலம் விட்டு நல்லா அலசினால் வெள்ளைப் படிவு கழண்டு போகும். அலுமாரியில வைக்கேக்க ஈரம் இருந்தால் கொழும்புக் காத்துக்கு ரெண்டு நாளில பூஞ்சணம்.

அது போக, இப்ப ஒன்லைன்ல விக்கிற குளிர்ப்புகை ஹியுமிடிஃபயர், லைட் எரியிற வடிவான சாமான், அதைத் தடிமனுக்கு வாங்கலாமோ எண்டு கேக்கினம். என்ட அபிப்பிராயம், இங்க தேவையில்லை. கனடாவில குளிர்காலத்தில ஹீட்டர் போட்டு வீட்டுக் காத்து காய்ஞ்சு போகும், அங்க அது சரி. கொழும்புக் காத்தில ஈரப்பதம் சாதாரணமாவே 70, 80 வீதம், வீட்டுக்குள்ள 50 வீதத்துக்குக் கிட்ட இருந்தால் நல்லது எண்டுதான் சொல்லுறது, அதுக்கு மேல ஈரம் ஏத்தினால் சுவரில பூஞ்சணமும் மெத்தையில தூசிப்பூச்சியும்தான் வளரும், அது மூக்கை இன்னும் அடைக்கும். இரவு முழுக்க ஏசி போட்டு தொண்டை காயிற ஆக்கள் வேணும் எண்டால் பாவிக்கலாம், அதுக்கும் கொதிக்க வச்சு ஆறின தண்ணி, ஒவ்வொரு நாளும் மாத்தோணும், மூண்டு நாளைக்கு ஒருக்கா கழுவோணும், இல்லாட்டி தண்ணியில வளருற கிருமியை அப்பிடியே காத்தில அடிக்கும். கிருமி சாகட்டும் எண்டு டெட்டோல் மாதிரி ஒண்டையும் அதுக்குள்ள ஊத்திப்போடாதேங்கோ. தென்கொரியாவில ஹியுமிடிஃபயர் தண்ணிக்குள்ள ஊத்துறதுக்கெண்டே விசேசமா கிருமிநாசினி வித்தவை, அதைச் சுவாசிச்ச கனபேர், கர்ப்பிணித் தாய்மாரும் குழந்தையளும் உட்பட, நுரையீரல் பழுதாகிச் செத்தது 2011 இலதான் வெளியில வந்தது.

சின்னப்பிள்ளையளுக்கு

சூட்டு ஆவி வேணாம். பேசினும் வேணாம் மெசினும் வேணாம். மடியில வச்சுப் பிடிக்கிறன் எண்டும் செய்யாதேங்கோ, அவை ஒரு நிமிசம் ஆடாமல் இருக்க மாட்டினம். மூக்கடைச்சு பால் குடிக்க ஏலாமல் அழுகுது எண்டால் பாமசியில சேலைன் மூக்குத்துளி இருக்கு, பால் குடுக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால ரெண்டு ரெண்டு துளி, பிறகு மெல்ல சளியை எடுத்துவிடுங்கோ, ஆவியை விட இது எவ்வளவோ மேல். பெரிய ஆக்களுக்கும் மூக்கை உப்புத்தண்ணியால கழுவுறது நல்லாக் கேக்கும், ஆனா குழாய்த்தண்ணியை அப்பிடியே விடாதேங்கோ, கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணி ஒரு கோப்பைக்கு அரைத் தேக்கரண்டிக்கு கொஞ்சம் குறைவா உப்பு. மூக்கைத் திறக்கிற மருந்து ஸ்பிரே வாங்கினால் அஞ்சு நாளுக்கு மேல அடிக்க வேணாம், பிறகு அந்த ஸ்பிரேயாலயே மூக்கு அடைக்கத் தொடங்கும். கொத்தமல்லி அவிச்சுக் குடியுங்கோ, சூடா ரசம் குடியுங்கோ, தலையைக் கொஞ்சம் உயத்தி வச்சுப் படுங்கோ.

சுடுதண்ணி ஊத்துப்பட்டிட்டுது எண்டால், உடன குழாய்க்குக் கீழ பிடியுங்கோ, 20 நிமிசம், மணிக்கூட்டைப் பாத்து 20 நிமிசம். தங்கச்சி அண்டைக்கு அரை நிமிசம் கழுவிப்போட்டு பேஸ்ட் பூசினவ, டொக்டர் அந்தப் பேஸ்டைக் கழுவி எடுக்கேக்க பிள்ளை கத்தினது இண்டைக்கும் எனக்குக் காதில கேக்குது. உடன செய்ய விட்டுப் போனாலும் மூண்டு மணித்தியாலத்துக்குள்ள எப்ப செய்தாலும் பிரயோசனம் இருக்கு. ஐஸ் வேணாம், பேஸ்ட், பட்டர், முட்டை, பாம் ஒண்டும் வேணாம். நனைஞ்ச உடுப்பு, பாம்பர்ஸ், காப்பு, மோதிரம் எல்லாத்தையும் கழட்டுங்கோ, தோலோட ஒட்டியிருந்தால் மட்டும் இழுக்க வேணாம். மிச்ச உடம்பைப் போர்வையால மூடுங்கோ, பிள்ளையள் கெதியா குளிர்ந்து போவினம். கொப்பளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால தளர மூடிக்கொண்டு போங்கோ. எரிஞ்ச இடம் அந்த ஆளின்ட கையளவை விடப் பெரிசு எண்டால், முகம், கை, மறைவிடம் எண்டால், சின்னப்பிள்ளை எண்டால் எந்த அளவெண்டாலும் ஆஸ்பத்திரிதான். 1990 க்கு அடிச்சால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. பொரளைப் பக்கம் எண்டால் பிள்ளையளுக்கு லேடி ரிட்ஜ்வே, பெரியாக்களுக்கு தேசிய வைத்தியசாலை.

தடிமன் எண்டு நினைச்சு ஆவி பிடிச்சுக்கொண்டே நாளைக் கடத்துறதும் நடக்குது. மூச்சு இழுக்கேக்க நெஞ்சுக்கூடு உள்ளுக்க போகுது, சொண்டு நீலமாகுது, பிள்ளை பால் குடிக்குதில்லை, மூண்டு மாசத்துக்குக் குறைஞ்ச குழந்தைக்கு 38 பாகை காச்சல் எண்டால் அண்டைக்கே, அந்த நேரமே கொண்டு போங்கோ. பத்து நாளாகியும் குறையேல்ல, முகத்தில ஒரு பக்கம் குத்துது எண்டாலும் காட்டுங்கோ. கொழும்பில மழையோட காச்சல் எண்டால் டெங்கு எண்டும் யோசிக்கோணும், ரெண்டு நாளுக்கு மேல காச்சல் நிண்டால் டொக்டரைக் கண்டு இரத்தம் சோதியுங்கோ, அது வரைக்கும் பனடோல் மட்டும், அஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் போட வேணாம், ரெண்டும் டெங்கில இரத்தக் கசிவைக் கூட்டும்.